பேர் சொல்லாத ஜெபம்

ஜெபக்காரம்மா கண்ணை மூடினால் நாங்களும் மூடிவிடுவோம். மூடாமல் இருக்க முடியாது. அப்படி ஒரு குரல். பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்பது போலச் சாதாரணமாக ஆண்டவரிடம் பேச்சை ஆரம்பிப்பாள். போகப் போகக் குரல் ஏறும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன், பரீட்சை எழுதப் போகிறவள், வேலை போனவன் எல்லோரும் அதற்குள் வந்து நிற்பார்கள். அவள் ஆமென் சொல்லி முடிக்கும்போது மூக்கைச் சிந்தாதவர்கள் அந்த அறையில் இருக்க மாட்டார்கள். நானும் சிந்தியிருக்கிறேன். இத்தனைக்கும் நான் லேசில் கரைகிறவள் இல்லை. முப்பது வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். இடுப்பளவை இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்கிறவர்களையே தினமும் பார்ப்பவளுக்கு, யார் சொல்வதையும் அப்படியே நம்பத் தோன்றாது.

என் கடைக்கு நேர் எதிரே பூட்டுக்கடை. ஒரு கைவண்டி போகிற அளவுக்குத்தான் நடுவில் தெரு. இங்கே நான் தும்மினால் அங்கே பூட்டுக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். காலை எட்டு மணிக்குச் சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிடத் தொடங்கும். மேசையில் உதிர்கிற பித்தளைத் தூளைச் சாயங்காலம் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் கூட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்வார். அதிர்ந்து பேசாத மனுஷன். பூட்டுக்குள் எண்ணெய் விட்டுக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் கோபம் வரும்.

"எண்ணெய் விட்டா தூசி போய் ஒட்டிக்கும்மா. பென்சிலைச் சீவி அந்தத் தூளைப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பார். அதைவிட நீளமாக அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஏழு ஆணிகள், ஏழு சாவிகள். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற மறதிக்காரர்கள் நாங்கள் ஏழு பேர், மாற்றுச் சாவியை அவரிடம் கொடுத்து வைத்திருந்தோம். மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சாவி, போதகர் வீட்டுச் சாவி, என் கடைச் சாவி எல்லாம் அங்கேதான். எது யாருடையது என்று எழுதி ஒட்டவில்லை. அது அவருக்கு மட்டும் தெரியும்.

அவருடைய மனைவி ஜெபக்காரம்மாவின் கூடப்பிறந்த தங்கை. காலையில் ரொட்டிக்கடையில் வேலை, மத்தியானத்துக்கு மேல் என் கடையில் ஓரம் அடிப்பாள், பொத்தான் தைப்பாள். பத்து வயது வித்தியாசம். அம்மா இல்லாத வீட்டில் இவளைத் தலைசீவி வளர்த்ததே அக்காதான். அதனால் இவள் மனசில் எது இருந்தாலும் சாயங்காலத்துக்குள் அக்கா வீட்டு அடுப்படிக்குப் போய்விடும். ஒன்றே ஒன்றைத் தவிர. அதைக் கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

அதுவும் ஒரு மழை நாளில் வெளியே வந்தது. பிற்பாடு அவளே என்னிடம் சொன்னதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வெந்த உருளைக்கிழங்கை இரண்டு பேருமாகத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்களாம்.

"ஏன்டி, உன் புருஷன் ஏன் இப்படி இளைச்சுப்போயிட்டாரு? சட்டை ஆணியில மாட்டின மாதிரி தொங்குது" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"சாப்பாடு இறங்க மாட்டேங்குதாம்."

"டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"டாக்டர் பார்க்குற வியாதி இல்லக்கா." கிழங்கு சுட்டது போலக் கையை உதறிக்கொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு சொன்னா வெளியே போகாதே?"

"என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தங்கை சொன்னாள். பூட்டுக்காரர் இருபது வயதில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பூட்டிய கடைகளைத் திறந்திருக்கிறார். மாட்டிக்கொண்டு நாலு வருடம் சிறையில் இருந்தார். அங்கேதான் ஆண்டவரிடம் வந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே இவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, "இதுக்கப்புறமும் சரின்னா சரி" என்றாராம். இவள் சரி என்றாள். இப்போது அந்தப் பழைய கூட்டாளி விடுதலையாகி, கடையைத் தேடிக்கொண்டு வந்துவிட்டான். சோப்புக் கட்டியில் அழுத்தி எடுத்த ஒரு சாவியின் அச்சை மேசைமேல் வைத்து, இதற்குச் சாவி செய்து கொடு என்றான். இவர் சோப்பைத் தூக்கித் தெருவில் எறிந்து, அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார். அவன் போகிற போக்கில், "உன் கதையை ஊருக்குச் சொல்றேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அவன் சொல்லிடுவானோன்னு இவரு தினம் செத்துச் செத்துப் பிழைக்கிறாருக்கா. நீ ஜெபம் பண்ணு. நீ பண்ணினா ஆண்டவர் கேப்பாரு."

"பண்றேன்டி. கண்ணைத் துடை" என்றாள் அக்கா. மனசாரத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் எப்போதும் ஜெபக்காரம்மா வீட்டு முன்னறையில். சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது பேர் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்காருவோம். பூட்டுக்காரர் கடையைச் சாத்தி வர நேரமாகும் என்பதால் வருவதில்லை. தங்கை அக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். ஜெபிக்கும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வது எங்கள் பழக்கம். அன்றைக்கும் பிடித்துக்கொண்டோம்.

"இரக்கமுள்ள பிதாவே" என்று தொடங்கினாள். நோயாளிகள் முடிந்தார்கள், பரீட்சை முடிந்தது. குரல் ஏறியது. "பூட்டுகளை உடைத்த கைகளைச் சிறைச்சாலையிலே சந்தித்தவரே! அதே கைகளைப் பூட்டுகளைப் பழுதுபார்க்கிற கைகளாய் மாற்றினீரே, உமக்கு ஸ்தோத்திரம்! நாலு வருஷம் இருளிலே கிடந்த உம்முடைய பிள்ளையைத் தேடி, சத்துரு பழைய கூட்டாளியின் ரூபத்திலே வந்திருக்கிறானே ஐயா! சோப்புக் கட்டியிலே சாவியின் அச்சோடு வந்திருக்கிறானே! உம்முடைய பிள்ளை மறுபடியும் விழுந்துபோகாதபடி தாங்கிக்கொள்ளும் தேவனே!"

"ஆமென், ஆமென்" என்றோம் எல்லோரும். பழக்க தோஷம். சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. நான் கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்னாலேயே பாதிப் பேர் திறந்திருந்தார்கள். தங்கை மட்டும் கண்ணை இறுக மூடி, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கை இன்னும் அக்காவின் கைக்குள் இருந்தது. அக்கா கண்ணீர் வழிய ஜெபித்துக்கொண்டே போனாள்.

பேர் சொல்லவில்லைதான். ஆனால் எங்கள் வட்டாரத்தில் பூட்டுப் பழுதுபார்க்கிறவர் ஒருத்தர்தானே இருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் முதலில் வந்தவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷர். ஒருவரை நேராகப் பார்த்துக் கஷ்டப்படுத்தத் தெரியாது. அதனால் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அது ஒண்ணுமில்ல, என் மச்சினன் ஊர்லேர்ந்து வந்திருக்கான். அவனுக்கு ஒரு சாவி வேணும். அந்த மாத்துச் சாவியைக் குடுத்தீங்கன்னா..."

"இன்னொண்ணு வெட்டித் தரவா? அஞ்சு நிமிஷம்."

"இல்ல இல்ல, எதுக்குச் சிரமம்? இதுவே போதும்."

பூட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எல்லாம் தெரியும். முந்தின நாள் மனைவி வீட்டுக்குப் போனதும் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்திக்குக் கதவையே மாற்றப்போகிறார்களாம். இன்னொருத்திக்குச் சாவிக்கொத்தின் கணக்கு இடிக்கிறதாம். நான் திங்கட்கிழமை போனேன். ஆமாம், நானும்தான் போனேன். வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னேன். அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் என் சாவியைத் துணியால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்குங்க தையலம்மா" என்றார். குத்தலாகச் சொன்னாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

பழுதான பூட்டு எதுவும் வரவில்லை. இயந்திரத்தின் சத்தம் இல்லாமல் தெரு என்னவோ போல் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் மீதி இரண்டு சாவிகளும் போய்விட்டன. அன்றைக்குப் பூட்டுக்கடை வாசலில் மாதக் கடைசியில் கடை காலி என்று ஓர் அட்டை தொங்கியது. வேறு ஊருக்குப் போய்விடப்போகிறார்கள்.

அன்று மத்தியானம் என் கடையில் சபைப் பாடகர்களின் அங்கிகள் குவிந்து கிடந்தன. பதினெட்டு அங்கிக்கும் ஓரம் அடித்து முடிக்க வேண்டும். தங்கை ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தாலும் தையல் கோணவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜெபக்காரம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். வழக்கமாக அவளும் வந்து ஒரு கை கொடுப்பாள். எதுவும் நடக்காதது போல ஓர் அங்கியை எடுத்து மடிமேல் போட்டுக்கொண்டாள். நான் இயந்திரத்தை மிதித்தேன்.

"அட்டை தொங்குதேடி" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"எங்க போவீங்க?"

"எங்களை யாருக்கும் தெரியாத இடத்துக்கு. உன் ஜெபம் கேக்காத இடத்துக்கு."

"நான் பேர் சொல்லலையே!"

"பேர் வேற சொல்லணுமா? வீட்டு நம்பரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே!"

"ஆண்டவர் சமுகத்துலதானே சொன்னேன். உன் புருஷனுக்காக நான் மூணு நாள் உபவாசம் இருந்தேன், தெரியுமா?"

"பட்டினி கிடந்தவ வாயையும் சேர்த்து மூடியிருக்கலாம்ல?" ஊசியை நிறுத்தினாள். "பதினோரு வருஷம்க்கா. அந்த மனுஷன் ராத்திரி பகலா உழைச்சு ஒவ்வொரு ஆளா நம்ப வெச்சாரு. நீ ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் வாரிக் கொட்டிட்டே. அந்தக் கூட்டாளி பயமுறுத்திட்டுத்தான் போனான். செஞ்சது நீ."

ஜெபக்காரம்மாவின் முகம் சிவந்தது. நியாயம் தன் பக்கம் இல்லை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அவ்வளவு கோபம் வரும்.

"ரொம்பப் பேசாதே. உன் புருஷன் மட்டும் பெரிய யோக்கியமா? அந்தப் பெட்டி விஷயத்தை அவரு உன்கிட்ட சொல்லாமலா இருந்திருப்பாரு? நீங்க ரெண்டு பேரும் எத்தனை நாள் அதை வெச்சு என்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க!"

"எந்தப் பெட்டி?"

"நடிக்காதேடி."

"சத்தியமாத் தெரியாது. எந்தப் பெட்டிக்கா?"

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். ஜெபக்காரம்மா தங்கையின் முகத்தையே பார்த்தாள். வளர்த்தவள் அல்லவா, பொய் என்றால் அவளுக்குத் தெரியும். பார்க்கப் பார்க்க அவள் முகத்திலிருந்து கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

"அஞ்சு வருஷம் ஆச்சே" என்றாள் மெதுவாக. "உன்கிட்ட கூடவா சொல்லலை?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அங்கியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். குடையை எடுக்க மறந்து, நனைந்துகொண்டே போனாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். ஜெபக்காரம்மா பூட்டுக்கடைப் படியேறினாள். நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் வெட்டாமல் நின்றேன்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் அவர். அப்போதும் மரியாதை குறையவில்லை.

அவள் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணை மூடினாள். "இரக்கமுள்ள பிதாவே, உம்முடைய பிள்ளைக்கு விரோதமாய் இந்தப் பாவியின் நாவு செய்த..."

"அக்கா."

"...இந்தப் பாவியின் நாவு செய்த மீறுதலை..."

"அக்கா, கண்ணைத் திறங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவள் திறந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சின்ன மேசைதான்.

"ஆண்டவர்கிட்ட அப்புறம் பேசிக்குங்க. என்கிட்ட சொல்றதை என்கிட்ட சொல்லுங்க."

எனக்குத் தெரிந்து ஜெபக்காரம்மாவுக்குப் பேச்சு வராமல் போனது அன்றைக்குத்தான். வாயைத் திறந்தாள், மூடினாள். அழகான வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்றாள்.

"ஆமாக்கா."

"மன்னிச்சிடுங்க."

அவர் உடனே தலையாட்டவில்லை. ஓர் அரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? ஜெயிலுக்குப் போனது நெஜம். அதைச் சொன்னதுக்குக் கூட எனக்குக் கோபம் இல்ல. ஆனா அவனை நான் சட்டையைப் பிடிச்சு வெளியே தள்ளினேன்ல, அதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? விழுந்துபோகாம காப்பாத்தும்னு கேட்டீங்களாமே. நான்தான் விழலையே! அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தா, ஒரு சாவியாவது இந்தச் சுவத்துல மிஞ்சியிருக்கும்."

அவள் சுவரைப் பார்த்தாள். ஏழு ஆணிகளும் மொட்டையாக இருந்தன.

"அதைச் சொன்னா ஜெபத்துல உருக்கம் இருக்காதுன்னு நெனைச்சேன் போல" என்றாள் அவள். இந்த உண்மையைச் சொல்வதற்கு அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்!

"அந்தப் பெட்டியைப் பத்தி அவகிட்ட கூட நீங்க சொல்லலையே தம்பி. ஏன்?"

"அது உங்க பெட்டிக்கா" என்றார் அவர். கேள்வியே புரியாதவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம். இருபது நாற்காலி போதாமல் பெஞ்சு போட்டார்கள். எல்லோரும் ஜெபிக்கத்தான் வந்தோம் என்று சொன்னால் ஆண்டவரே சிரிப்பார். போதகரும் வந்திருந்தார். தங்கை வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஆனால் அக்கா பக்கத்தில் உட்காராமல் வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். கணவர் உள்ளே வர மறுத்து, வெளியே கூரைக்கடியில் குடையோடு நின்றார்.

"அம்மா, ஜெபத்தோட ஆரம்பிங்க" என்றார் போதகர். நாங்கள் கையைக் கோத்துக் கண்ணை மூடினோம்.

ஒன்றும் கேட்கவில்லை. மழை தூறுகிற சத்தம். யாரோ இருமினார்கள்.

"எல்லாரும் கண்ணைத் திறங்க" என்றாள் ஜெபக்காரம்மா. "இன்னைக்கு நான் உங்ககிட்டதான் பேசணும்."

திறந்தோம். கோத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல விட்டோம்.

"போன வாரம் நான் ஜெபம் பண்ணலை. கண்ணை மூடிக்கிட்டு வம்பு பேசினேன். என் தங்கச்சி என்னை நம்பிச் சொன்னதை உங்க முன்னாடி கொட்டினேன். நீங்க அழணும்னு கொட்டினேன். அதுலயும் பாதியைத்தான் சொன்னேன். மீதியை இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. வந்தவனை அவரு சட்டையைப் பிடிச்சு வெளியே தள்ளினாரு. சோப்பைத் தூக்கித் தெருவுல எறிஞ்சாரு. அதை நான் மறைச்சேன்."

"பரவாயில்ல அக்கா, ஜெபத்துல ஒப்புக்கொடுத்துடலாமே" என்று மருந்துக்கடைக்காரர் மனைவி இழுத்தாள்.

"இல்லம்மா. திரும்பவும் கண்ணை மூடினா நான் தப்பிச்சிடுவேன்." குரல் ஏறவே இல்லை. கடையில் அரிசி கேட்கிற குரலில் பேசினாள். "இன்னொண்ணு. என் வீட்டுக்காரர் தவறிப்போனப்புறம், அவரோட இரும்புப் பெட்டியைத் திறக்கத் தம்பியைக் கூப்பிட்டேன். திறந்தாரு. மேலேயே இருந்ததை ரெண்டு பேரும் பார்த்துட்டோம். என் தலையில இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. அவரு ஒரு வார்த்தை பேசாம வெளியே போய் நின்னாரு. நான் அழுது முடிச்சுக் கூப்பிட்டப்புறம் உள்ள வந்து, பூட்டை மறுபடியும் மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. அஞ்சு வருஷம் ஆச்சு. கட்டின பொண்டாட்டிகிட்ட கூட அவரு சொல்லலை. நீங்க அவர்கிட்டேர்ந்து சாவியைத் திரும்ப வாங்கிட்டு வந்தீங்க. வாங்க வேண்டியது என்கிட்டேர்ந்துதான்."

"பெட்டியில என்ன இருந்துச்சு?" என்று யாரோ கேட்டே விட்டார்கள். அறை முழுக்க அரை அங்குலம் முன்னால் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன், பொய் சொல்வானேன்.

"அதைச் சொல்ல மாட்டேன். அதுல இன்னொருத்தர் கதை இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆமென் சொல்வதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. போதகர் தொண்டையைச் செருமினார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு நாங்கள் ஒவ்வொருவராக எழுந்தோம். அந்தக் கூட்டத்தை யாரும் முடித்துவைக்கவில்லை.

வெளியே மருந்துக்கடைக்காரர் பூட்டுக்காரர் எதிரே போய் நின்றார். இந்தத் தடவை சுவர் எதுவும் இல்லாததால் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. "கடை ஷட்டர் ரெண்டு நாளா மக்கர் பண்ணுது. என் மச்சினன் எண்ணெய் விட்டுட்டான்" என்றார்.

"எண்ணெயா விட்டாரு?" பூட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "காலையில வர்றேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

இதற்குப் பிறகு எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். இரண்டு வீட்டார் இன்னமும் தெருவின் அந்தப் பக்கமாகத்தான் நடக்கிறார்கள். ஆனால் வாசலில் தொங்கிய அட்டை மாதக் கடைசிக்கு முன்பே இறங்கிவிட்டது.

அன்றைக்கு எல்லோரும் கலைந்த பிறகும் நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலிலேயே நின்றேன். தங்கை படியிறங்கப் போனவள் திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமைச் சண்டைக்குப் பிறகு அக்காவின் முகம் பார்த்துப் பேசாதவள்.

"அஞ்சு வருஷமா அதைத் தனியாவா வெச்சிருந்தே?"

"ம்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லலை? நான் எல்லாத்தையும் உன்கிட்ட வந்து கொட்டினேனே."

ஜெபக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நீ யார்கிட்டயாவது சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சுடி."

தங்கை அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அக்காவின் தோளில் முகத்தை வைத்து, அவள் முதுகில் அடித்துக்கொண்டே அழுதாள். "இப்பவாவது சொல்லு" என்றாள். "இப்பவாவது என்னை நம்பிச் சொல்லு."

ஜெபக்காரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தங்கையின் காதோடு வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். பேசும்போது அவள் கண்கள் திறந்தே இருந்தன. பூட்டுக்காரர் முதுகைக் காட்டி, மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தங்கை அதன் பிறகு என் கடையில் எத்தனையோ நாள் ஓரம் அடித்தாள், நானும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு ஊசியில் நூலைக் கோப்பாள். எதிர்க்கடைக்காரரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார்.